கையெழுத்துக்கு யார் ஜவாப்தாரி?

வைத்தியம் செய்ய முன்வருகிறவரை, உம் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று சட்டம் கேட்கிறது. சுதந்திரம் வந்து எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயின. 1961-ல் வக்கீல்களுக்கும், 1972-ல் கட்டிடப் படம் வகுக்கும் ஆர்க்கிடெக்டுகளுக்கும் சட்டம் இயற்றிய நமது பார்லிமெண்டு, பாலமும் மாளிகையும் நிற்குமா விழுமா என்று கணக்கிடும் இஞ்சினீயருக்கு மட்டும் தேசம் முழுமைக்குமான பதிவுச் சட்டத்தை இன்னும் நிறைவேற்றவில்லை. நகரசபைகள் லைஸென்ஸ் கொடுக்கின்றன. குஜராத் 2006-ல் தனக்கென ஒரு சட்டம் செய்துகொண்டது.

ஒரு காகிதத்தால் என்ன விளையும் என்பாருக்கு அமெரிக்காவில் கான்ஸாஸ் நகரத்து விபத்தைச் சொல்லுவோம். 1981 ஜூலை 17 மாலை, ஒரு பெரிய ஹோட்டலின் கூடத்தில் ஜனங்கள் நடனம் காணத் திரண்டிருந்தனர். மேலே தொங்கிய இரண்டு நடைபாலங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, அவர்கள்மீது விழுந்தன. மாண்டவர் 114 பேர்.

முதற்படத்தில் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீண்ட கம்பி இரு பாலங்களையும் தாங்கியது. வேலை எளிதாகட்டும் என்று அக்கம்பியை இரண்டாக்கி, கீழ்ப்பாலத்தை மேற்பாலத்தின் உத்திரத்திலேயே மாட்டினார்கள். ஒரே கயிற்றில் மேலும் கீழுமாக முடிந்த இரண்டு உறிகளில், கீழுறியை அவிழ்த்து மேலுறியின் அடியிலே கட்டினாற்போல. கூரைக்குப் பாரம் பழையதே, மேல் முடிச்சுக்கோ இரட்டிப்பு. மாற்றாத படமே நகர விதி கோரிய வலுவில் சுமார் 60 சதவிகிதந்தான் கொண்டிருந்தது என்று சர்க்கார் நிபுணர்கள் பின்னர் கண்டனர். மாறிய படம் இஞ்சினீயர் காரியாலயத்துக்கு வந்து, முத்திரை பெற்றுத் திரும்பியது. கணக்கிட்டுப் பார்த்தார் ஒருவருமில்லை!

இணைப்பை வகுப்பது இரும்புக் கம்பெனியின் வேலை என்று இஞ்சினீயர்கள் வாதித்தனர். அப்பொறுப்பைப் பிறர் தலையில் ஏற்ற முடியாதென்று முடிவாகி, 1986-ல் மிஸௌரி மாகாணத்துப் பதிவுச் சபை இருவர் லைஸென்ஸையும் பறித்தது. 1988-ல் மேல்கோர்ட்டு அதனை உறுதி செய்தது. சிறைத் தண்டனை எவருக்கும் இல்லை. ஆயினும் தொழிலை ஆளும் சபையே தொழிலாளனை விசாரித்தது என்பது சிறிய விஷயமன்று.

நம் ஊருக்கு வருவோம். 2014 ஜூன் 28-ல் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், முடிவுறாத பதினோரு மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மடிந்தனர். பெரும்பாலோர் கூலிக்கு வந்த ஏழைகள். கைதுகள் நடந்தன, கமிஷன் விசாரித்தது, அருகில் நின்ற இணைக் கட்டிடம் 2016-ல் தகர்க்கப்பட்டது. ஓர் ஊரின் ஜாபிதாவிலிருந்து நீக்கப்பட்ட இஞ்சினீயர் அடுத்த ஊரில் கையெழுத்திடுவதைத் தடுக்க, தேசப் பதிவேடு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

லைஸென்ஸ் தண்டிப்பதற்கு மாத்திரம் அன்று. செலவைக் குறை, கம்பியைக் குறை என்று முதலாளி நெருக்கும்போது, "என் பதிவு போய்விடும், ஐயா" என்று மறுக்க நேர்மையான இஞ்சினீயருக்கு அதுவே கேடயம். கட்டணம் வசூலிக்கும் மற்றொரு காரியாலயமாக அச்சபை ஆகிவிடுமோ என்ற ஐயம் நமக்கும் உண்டு. ஆகவே அதன் விசாரணைகள் பகிரங்கமாக நடக்கட்டும். பெயர் நீக்கப்பட்டோர் ஜாபிதா ஆண்டுதோறும் பத்திரிகைகளில் வெளிவரட்டும்.