சாலையில் ஒரு வெள்ளைக் கோடு

சாலை எல்லார்க்கும் பொதுவானது. ஆனால் அதில் செல்வோர் எல்லாரும் ஒத்த வலிமை உடையவர் அல்லர். கால்நடையாகச் செல்பவர் ஒருவர். மிதிவண்டியில் செல்பவர் ஒருவர். மோட்டார் சைக்கிளில் விரைபவர் மற்றொருவர். இவர்களுள் வலியவர் மெலியவரிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று வகுத்துரைப்பதே சாலை விதிகளின் உயிர்நாடி. அவ்விதிகளுள் ஒரு சிறு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். மிதிவண்டிக்கென ஒதுக்கப்பெற்ற பாதையை அடுத்து மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் ஒழுக வேண்டிய முறை யாது? இதனை விளக்க நெதர்லாந்து நாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மக்களின் தொகையைவிட மிதிவண்டிகளின் தொகை மிகுந்த நாடு அது.

அந்நாட்டின் சாலை ஒழுங்கு எளிதில் வாய்த்ததன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அங்கே மோட்டார் வண்டிகள் பெருகின. அவற்றோடு விபத்துகளும் பெருகின. 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். விபத்தில் தம் மகளை இழந்த பத்திரிகையாளர் ஒருவர் 1972இல் ஒரு கட்டுரை எழுதினார். ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்பது அதன் தலைப்பு. அத்தலைப்பே ஒரு பெரும் மக்கள் இயக்கத்தின் பெயராயிற்று. இன்று அங்கே நாம் காணும் மிதிவண்டிப் பாதைகள் பலவற்றுக்குப் பின்னால் அக்கண்ணீர் இருக்கிறது.

இனி விதிகளைப் பார்ப்போம். சாலையின் ஓரத்தில் மிதிவண்டியின் உருவம் தீட்டப்பெற்ற ஒரு பாதை செல்லும். அதனைப் பிரிக்கும் வெள்ளைக் கோடு இடைவிடாது சென்றால், மோட்டார் சைக்கிள் அப்பாதையில் செல்லுதல் ஆகாது. கோடு விட்டுவிட்டுச் சென்றால், மிதிவண்டியில் செல்பவருக்குச் சிறிதும் இடையூறு இல்லாத போது மட்டும் அதில் செல்லலாம். அப்பாதையின்மீது மட்டுமன்றி, அதனை ஒட்டிய சாலைப் பகுதியிலும் வண்டியை நிறுத்துதல் கூடாது. ‘ஒரு நிமிடந்தானே!’ என்று நாம் எண்ணக்கூடும். பாதையில் ஒரு வண்டி நின்றால் மிதிவண்டியில் வரும் சிறுவன் அதனைச் சுற்றிக்கொண்டு, விரைந்தோடும் வண்டிகளுக்கு நடுவே புக நேரும். நமக்கு ஒரு நிமிடம், அவனுக்கோ உயிர்.

எனினும், கோட்டைத் தாண்டாமல் நேரே செல்வது எளிது. இடர் பெரிதும் நேர்வது திரும்பும் இடத்திலேயே. நெதர்லாந்தில் வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. மிதிவண்டிப் பாதை அவற்றுக்கும் வலப்பக்கத்தில் அமைகிறது. ஆகவே வலப்புறம் திரும்பும் மோட்டார் சைக்கிள், நேரே செல்லும் மிதிவண்டிகளின் வழியைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அங்கே சட்டம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. திரும்புபவரே காத்திருக்க வேண்டும். அதே சாலையில் நேரே செல்பவர் முதலில் செல்வார். ஆம்ஸ்டர்டாம் நகரின் சந்திப்பு ஒன்றில் சிறிது நேரம் நின்று இதனை நான் கவனித்ததுண்டு. திரும்ப விரும்பியவர்கள் கண்ணாடியில் பார்த்ததோடு அமையாமல், தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பியும் பார்த்தார்கள். கண்ணாடியில் தோன்றாத மூலை ஒன்று உண்டென்பதை அவர்கள் அறிவார்கள்.

விதிகள் காலத்துக்கேற்ப மாறுவதையும் அந்நாட்டில் காணலாம். மணிக்கு 45 கிலோமீட்டர் வரை செல்லும் சிறிய மோட்டார் வண்டிகள் நகரங்களில் மிதிவண்டிப் பாதையிலேயே ஓடிவந்தன. 1999 டிசம்பர் 15 முதல் அவை பொதுவாக நகரச் சாலைக்கு மாற்றப்பட்டன. 25 கிலோமீட்டர் வேக வரம்புடைய வண்டிகளோ மிதிவண்டிப் பாதையிலேயே தொடர்ந்தன. அவற்றுள் பல அவ்வரம்பை மீறி ஓடவே, 2019 ஏப்ரல் 8 முதல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் உள்வட்டத்தில் அவையும் சாலைக்கு மாற்றப்பட்டன. அவ்வாறு சாலையில் செல்வோர் தலைக்கவசம் அணிவதும் கட்டாயமாயிற்று. 2023 ஜனவரி 1 முதல் அவ்வகை வண்டியில் செல்வோர் அனைவருக்கும் நாடு முழுவதும் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது.

இம்மாற்றங்களின் காரணத்தைப் பௌதிகம் பயிலும் மாணவர்கள் எளிதில் உணர்வார்கள். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மிதிவண்டி ஒரு வினாடியில் 5 மீட்டர் கடக்கிறது. 45 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அதே வினாடியில் பன்னிரண்டரை மீட்டர் கடக்கிறது. இடரைக் கண்டு கை தடையை அழுத்துவதற்கே ஏறக்குறைய ஒரு வினாடி ஆகிவிடும். அன்றியும், இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. ஒரே எடையுள்ள வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதைவிட 45 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது மும்மடங்குக்கும் மிகுதியான ஆற்றல் வெளிப்படும். அந்த ஆற்றலைத் தாங்க மிதிவண்டியில் இருப்பவனுக்கு இரும்புக் கூடும் இல்லை, கதவும் இல்லை. எனவே சாலையில் போடப்படும் கோடு ஆட்களை உயர்வு தாழ்வாகப் பிரிக்கும் கோடன்று. வேகத்தை வேகத்திலிருந்து பிரிக்கும் கோடு.

நம் நாட்டுச் சட்டமும் இதனை அறியாததன்று. மிதிவண்டிக்கெனத் தனிப்பாதை அமைந்த சாலையில், சீருடையணிந்த காவலரின் அனுமதியின்றி மோட்டார் வண்டி அப்பாதையில் செல்லலாகாது என 1989ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகளே கூறின. ஆனால் எத்தனைக் கோடுகள் வரைந்தாலும், வண்டியின் கைப்பிடி ஓட்டுபவரின் கையிலேயே இருக்கிறது. மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் இன்று மிதிவண்டியில் செல்கிறீர்கள்; நாளை மோட்டார் சைக்கிளில் செல்வீர்கள். வேகம் கைவந்த அந்நாளில், பக்கத்தில் மெல்ல மிதித்துச் செல்பவனுக்கு வழிவிட்டுச் செல்லுங்கள். வழிவிடுதல் தோல்வியன்று, வலிமை உடையவனுக்கே இயலும் அறம் அது.