நன்னீரில் முதிர்ந்த படகு

பழைய பாய்மரப் படகை விற்க வருபவர் பெருமையோடு சொல்வது, "இது உப்புநீர் படாத படகு" என்பதாகும். புனே நகரின் தென்மேற்கே, கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தின் கரையில் நின்று இச்சொல்லைக் கேட்பவர் எளிதில் மயங்குவார். கடலோ மலைத்தொடருக்கு அப்பால் கிடக்கிறது. கண்முன் விரிவதெல்லாம் நன்னீர். ஆயினும் அறிவியல் இப்பெருமையைப் பாதியளவே ஏற்கும். உப்பு உலோகத்தைத் தின்கிறது, ஐயமில்லை. மரத்துக்கும் கண்ணாடி இழைக்கும் நன்னீரே கடுமையான பகை. ஆகவே படகின் அகவையைக் கேட்குமுன், அது எந்த நீரில், எவ்வாறு வாழ்ந்தது என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.

இக்கேள்விகளை எழுப்புவதற்கு ஏற்ற ஊர் கடக்வாஸ்லா. முத்தா ஆற்றின் குறுக்கே 1870-களில் எழுந்த அணை இதன் நீரைத் தேக்கிற்று. ஃபைஃப் என்னும் ஆங்கிலப் பொறியாளரின் பெயரால் நெடுங்காலம் 'ஃபைஃப் ஏரி' என வழங்கிற்று. 1961 ஜூலை 12 அன்று மேலிருந்த பான்ஷேத் அணை உடைய, அவ்வெள்ளம் இவ்வணையையும் உடைத்தது. பின்னர் அது மீண்டும் கட்டப்பட்டது. நேரு 1949-ல் அடிக்கல் நாட்டிய தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகம் இந்நீரின் கரையில்தான் அமைந்துள்ளது. அதன் பயிற்சி மாணவர்கள் 'பீகாக் பே' என்னும் குடாவில் பாய்மரப் படகு செலுத்தக் கற்கின்றனர். துறைமுகங்களின் சிற்றுருக்களை அமைத்து அலையை ஆராயும் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையமும் இவ்வூரில் உள்ளது. அதன் தொடக்கம் 1916.

நம் நாட்டில் கைமாறும் சிறு பாய்மரப் படகுகளில் மூன்று வகைகளை அடிக்கடி காணலாம். சிறுவர்க்குரிய ஆப்டிமிஸ்ட்டை 1947-ல் அமெரிக்கர் கிளார்க் மில்ஸ் வடித்தார். இருவர் செலுத்தும் என்டர்பிரைஸ், ஜாக் ஹோல்ட் 1956-ல் அளித்தது. நான்கு மீட்டரைச் சற்றே கடந்த நீளம், நீலநிறப் பாய்கள். ஒட்டுப்பலகை கொண்டு வீட்டிலேயே கட்டிக்கொள்ளத்தக்கதாக அதை அவர் வகுத்தார். ஒருவர் செலுத்தும் லேசரை புரூஸ் கர்பி வரைந்தார். 1971-ல் சந்தைக்கு வந்தது. அதன் உடல் மட்டும் 59 கிலோ. டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணனும் வேலூரின் விஷ்ணு சரவணனும் பங்கேற்றது இக்குடும்பத்துப் படகுகளில்தான். பந்தயத்தில் ஓடி இறுக்கம் தளர்ந்த லேசரைப் போட்டியாளர் கழித்துவிடுவர். பொழுதுபோக்காகச் செலுத்துபவர்க்கு அத்தளர்ச்சி பெரிதன்று. நல்ல படகு மலிவாய்க் கிடைக்கும் வழிகளுள் இது ஒன்று.

இனி நன்னீரின் செயலைப் பார்ப்போம். கண்ணாடி இழைப் படகின் பளபளக்கும் மேற்பூச்சு நீர்புகாதது போல் தோன்றினும், நீரின் நுண்ணிய கூறுகள் அதனூடே மெல்லக் கசிகின்றன. உள்ளே, பிசின் இறுகியபோது முழுதும் வினைப்படாமல் எஞ்சிய சில பொருள்கள் உள்ளன. அவை அந்நீரில் கரைந்து செறிந்த கரைசலாகின்றன. வெளியே செறிவு குறைந்த நீர், உள்ளே செறிவு மிகுந்த கரைசல், இடையில் மெல்லிய தடுப்பு: சவ்வூடு பரவலுக்கு வேறென்ன வேண்டும்? நீர் மேலும் மேலும் உள்ளிழுக்கப்பட்டு, அழுத்தம் ஏறி, மேற்பூச்சு கொப்புளமாய் எழுகிறது. கொப்புளத்தைக் குத்தினால் புளிங்காடி மணத்தோடு பிசுபிசுப்பான நீர் வடியும். கடல்நீரில் உப்பு கரைந்திருப்பதால் உள்ளும் புறமும் செறிவின் வேறுபாடு சற்றுக் குறைவு. நன்னீரில் அவ்வேறுபாடு மிகுதி. கொப்புளமும் விரைவில் தோன்றும்.

ஆனால் இந்நோய் நாள்கணக்கில் நீரிலேயே மிதந்து கிடக்கும் படகுக்குரியது. ஓட்டம் முடிந்ததும் கரையேற்றிக் காயவைத்த படகை அது பெரும்பாலும் அண்டாது. எனவே விற்பவரிடம் கேட்க வேண்டிய வினா இது: படகு இரவில் கரையில் உறங்கியதா, நீரில் உறங்கியதா? அவர் தயங்கினால், படகைக் கவிழ்த்துப் போட்டு, சாய்வெயில் படும்படி நின்று அடிப்பக்கத்தைப் பாருங்கள். உச்சிவெயிலில் மறையும் கொப்புளங்கள் சாய்ந்த ஒளியில் நிழலோடு தெரியும்.

மரப்படகின் கதை இன்னும் வியப்பானது. மரத்தை உளுக்கச் செய்வது நீரன்று; பூஞ்சை. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைக் கடந்து, காற்றும் கிடைத்தால் பூஞ்சை செழிக்கும். உப்பு அதன் வளர்ச்சியைத் தடுக்கும். மரக்கலம் கட்டிய பழந்தச்சர் விலாச் சட்டங்களின் இடைவெளியில் கல்லுப்பைத் திணித்ததற்கு இதுவே காரணம். கடக்வாஸ்லா ஏரிக்கரையில் சூன் முதல் செப்டம்பர் வரை மழை. மூடாக்கு கிழிந்த என்டர்பிரைஸ் ஒன்று அந்நான்கு திங்களும் வயிற்றில் மழைநீரைச் சுமந்து கிடந்தால், ஏரியில் பத்தாண்டு ஓடியதைவிட மிகுதியாகச் சீர்குலையும். மழைநீரில் உப்பென்பது இல்லையே! இத்தகைய படகில் பூசிய வண்ணத்தைப் பார்த்து மகிழ வேண்டா. பலகைகள் கூடும் மூலைகள், நடுப்பலகை இறங்கும் கூட்டின் அடி, சுக்கான் தொங்கும் பின்பலகை ஆகிய இடங்களில் குத்தூசியை மெல்ல அழுத்துங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். உளுத்த மரத்தில் ஊசி ஓசையின்றி இறங்கும். விரல் மூட்டால் தட்டினால், ஒட்டு விட்ட பலகை மந்தமாய் ஒலிக்கும். அண்மையில் பூசிய வண்ணம் மூலைகளில் மட்டும் தடித்திருப்பின், விற்பவர் எதையோ மறைக்க விரும்பியிருக்கிறார் என்று நான் கொள்வேன்.

வாங்குமுன் படகை எடை போடுவோர் அரிதினும் அரியர். இது எனக்கு விளங்காத ஒன்று. தராசு பொய் சொல்வதில்லை. லேசரின் மேல்தளத்தில் கண்ணாடி இழைகளுக்கு நடுவே நுரைப்பலகை அடங்கியுள்ளது. நீர் புகுந்து அது ஊறிவிட்டால் வெளியே அடையாளம் ஏதும் தெரியாது. 59 கிலோ இருக்க வேண்டியது 65 கிலோ காட்டினால், பத்தில் ஒரு பங்கு நீரைக் காலமெல்லாம் சுமந்து திரிய வேண்டும். அப்படகு அலையைக் கிழித்துப் போகுமேயன்றி, அதன்மேல் ஏறி வழுக்கிச் செல்ல மறுக்கும்.

நீர் எங்கே புகுகிறது என்பதைக் கரையிலேயே கண்டறியலாம். வடிகால் துளையைத் தவிர, காற்றுப் போக விட்ட சிறு துளை முதலிய மற்றெல்லாவற்றையும் அடைத்துவிட்டு, வடிகாலில் வாய்வைத்து மெல்ல ஊதி, தளமும் உடலும் கூடும் விளிம்பெங்கும் சோப்பு நீர் தடவினால், கசியும் இடத்தில் குமிழி எழும். ஊதுவதற்கு எந்திரத்தைப் பயன்படுத்தலாகாது. மிகுந்த அழுத்தம் நன்றாயிருக்கும் ஒட்டையும் பிளந்துவிடும். பாய்மரம் நடும் குழியை நீரால் நிரப்பிச் சற்றுநேரம் காத்திருப்பது அடுத்த ஆய்வு. நீர்மட்டம் தாழ்ந்தால் அப்படகை விட்டு விலகுதலே நன்று. பாய்க்குக் கிடைக்கும் விசையின் பெரும்பகுதியைத் தாங்குவது அக்குழி; வலிய காற்றில் அது பெயர்ந்தால் தளமும் உடன் பெயரும்.

மும்பையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் படகாயின் பார்வை வேறிடம் செல்ல வேண்டும். அலுமினியப் பாய்மரத்தில் துருவேறா எஃகுத் தறையாணிகள் பொருந்திய இடங்களில், உப்புநீர் மின்னோட்டத்துக்கு வழிவிட, அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாய் உதிரும். நன்னீர் மின்னை அவ்வளவாகக் கடத்தாததால் ஏரிப் படகுகளில் இவ்வரிப்பு மெல்லவே நிகழ்கிறது. விற்பவரின் பெருமை இங்கே மெய்யாகிறது. லேசர் பாய்மரத்தின் மேல்துண்டைச் சமதளத்தில் உருட்டிப் பார்த்தால் வளைவு உடனே தெரியும்; முறிவு பெரும்பாலும் இணைப்புத் தறையாணியின் துளையில் தொடங்கும்.

எந்த வகையை வாங்குவது என்பதைக் காற்றே முடிவு செய்கிறது. பாயின்மேல் படும் விசை காற்றின் விரைவின் இருமடிக்கு நேர்விகிதம். மணிக்கு 10 கிலோமீட்டராய் வீசும் காற்று 14 ஆனால் விசை ஏறக்குறைய இரட்டிக்கும். கடக்வாஸ்லாவில் மழைக்காலத்து மேல்காற்று குன்றுகளுக்கிடையே நெரிந்து, விட்டுவிட்டுக் குத்தும். தெற்கே 1,300 மீட்டர் உயரத்தில் சிங்ககட் கோட்டை நிற்கும் நிலம் அது. ஏரியோ கடல்மட்டத்துக்கு 580 மீட்டர் மேலே உள்ளது; அங்குக் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு குறைவு. ஒரே விரைவில் வீசினும் பாய்க்குக் கிடைக்கும் உந்தல் அவ்வளவு குறையும். நீரும் தன் பங்கைக் கூட்டுகிறது: ஆளும் படகுமாக 150 கிலோ எடை கடலில் ஏறத்தாழ 146 லிட்டர் நீரை விலக்கினால் போதும், இங்கே 150 லிட்டரை விலக்கியாக வேண்டும். சிறு வேறுபாடுதான்; எனினும் மென்காற்று வீசும் குளிர்காலக் காலையில் உடல் கனத்தவர் சிறு பாயை வாங்கிவிட்டு அசையாமல் நிற்பார்.

பாயைத் தனியே ஆய்வது எளிது. செயற்கை இழைத்துணியை வெயிலும் படபடப்பும் தளர்த்திவிடும். கையில் பிசைந்தால் மொறுமொறுக்கும் பாய் புதியது. வேட்டிபோல் குழைவது ஓய்ந்தது. தையல் நூலை நகத்தால் நெருடிப் பாருங்கள். வெயில் துணியை முந்தி நூலை அறுத்துவிடுகிறது. பாய் கெட்டிருந்தால் புதியது வாங்கிக்கொள்ளலாம். விலையில் கழித்துப் பேசினால் போதும்.

இவ்வேரியிலேயே ஓடிய படகாயின் நடுப்பலகையின் கீழ்விளிம்பை மறவாமல் பார்க்க வேண்டும். புனே நகருக்குக் குடிநீர் தருவதால் கோடையில் நீர்மட்டம் தாழும், பாறைகள் மேலெழும். அவ்விளிம்பு சிதைந்திருந்தால் பலகையை மாற்றிக்கொள்ளலாம். பலகை மோதிய விசை அதன் கூட்டையும் உடைத்திருந்தால் பழுதுபார்ப்புச் செலவு படகின் விலையை எட்டும். இது குடிநீர்த் தேக்கம்; வடகரை படைத்துறையினுடையது. நீர்வளத் துறையின் இசைவு கிடைக்குமா என்று தெளிந்த பின்னரே முன்பணம் கொடுப்பது முறை. இசைவு கிடைத்து, தனியே செல்பவர் என்றால், கரையில் காய்ந்து கிடந்த, எடை சரியாயிருக்கும் பழைய லேசரையே நான் பரிந்துரைப்பேன். குழந்தையை உடனழைத்துச் செல்ல விரும்புவோர் கண்ணாடி இழையில் செய்த என்டர்பிரைஸைத் தேடட்டும். மரத்தில் செய்தது அழகு மிக்கது. ஆண்டுதோறும் சூன் பிறக்குமுன் கூரையின்கீழ் ஏற்றிவைக்க இடமுள்ளவர் மட்டும் அதை விலை கேட்கலாம்.