ஆளுநரும் அவையும்: சென்னை ஆளுநர் பதவியின் வரலாறு

'ஆளுநர்' என்பது 'ஆள்' என்னும் வினையடியாகப் பிறந்து, ஆள்பவர் எனப் பொருள்படும் சொல். அதற்கு நேரான 'கவர்னர்' என்னும் சொல்லோ, மரக்கலம் செலுத்தும் மீகாமனைக் குறித்த கிரேக்கச் சொல்லினின்று இலத்தீன் வழியாக வந்ததாகும். இரண்டும் தலைமையையே சுட்டுகின்றன. ஆயினும், சென்னையில் இப்பதவி வளர்ந்த முறையை நோக்குங்கால், ஆளுநரின் ஆற்றலை அளந்தது அவர் தாங்கிய பெயரன்று. உடனிருந்து கருத்துரைத்த அவைக்கும் அவர்க்கும் இருந்த தொடர்பே என்பது புலனாகும். இதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கி.பி. 1639-இல் சென்னையில் நிலம் பெற்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார், அடுத்த ஆண்டில் கோட்டை எழுப்பத் தொடங்கினர். அவர்கள் முதற்கண் அமர்த்திய தலைவர் 'ஏஜெண்டு' எனப்பட்ட வணிக முகவரே. கவர்னர் என்னும் பெயர் பின்னர் வந்தது. வணிகர் குழுவொன்று உடனிருந்து, பெரும்பான்மை வாக்கால் முடிவு செய்தது. இவ்வமைப்பின் இடர் விரைவிலேயே வெளிப்பட்டது. 1665-இல், பதவியினின்று மாற்றப்பட்ட எட்வர்டு வின்டர், தம் இடத்திற்கு வந்த ஜார்ஜ் பாக்ஸ்கிராப்டைச் சிறையிட்டு, 1668 வரை கோட்டையைத் தம் கையில் வைத்திருந்தார்.

இதனினும் பெரிய முரண் 1776-இல் நேர்ந்தது. ஆர்க்காட்டு நவாபுக்காக 1773-இல் கைப்பற்றப்பட்ட தஞ்சையை அதன் அரசர் துளஜாவிடம் மீள ஒப்படைக்கும் பொறுப்புடன், ஜார்ஜ் பிகட் இரண்டாம் முறை ஆளுநராக வந்திருந்தார். தஞ்சை வருவாயின்மேல் கடன் உரிமை கோரியோரும், அவர்க்குத் துணைநின்ற குழுவினரும் அவரை எதிர்த்தனர். அவர் எதிர்த்த உறுப்பினரை விலக்க, குழுவின் பெரும்பான்மையோர் அவரையே சிறைப்பிடித்தனர். 1777-ஆம் ஆண்டு மே மாதத்தில் காவலிலேயே அவர் இறந்தார். ஆளுநர் என்னும் பெயர் அவரைக் காக்கவில்லை.

1793-ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. இன்றியமையாதபோது குழுவின் கருத்தைக் கடந்து செயற்படும் உரிமையைச் சென்னை, பம்பாய் ஆளுநர்களுக்கும் அது வழங்கிற்று. பெரும்பான்மையால் ஆளுநரைக் கட்டுப்படுத்திய அவை, அதனால் தளர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அவையின் இயல்பே வேறாயிற்று. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தால், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்திற்குப் பொறுப்புடைய அமைச்சர் சில துறைகளைப் பெற்றனர். 1935-ஆம் ஆண்டுச் சட்டம் துறைகள் அனைத்தையும் அமைச்சரிடம் விட்டபோதும், ஆளுநர்க்குத் தனிப்பொறுப்புகளை வைத்தது. 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்ற காங்கிரசார், அத்தனியுரிமை தம்மீது பயன்படுத்தப்படாது என்னும் உறுதியின்றிப் பதவியேற்க மறுத்தனர். ஆதலின் ஏப்ரலில் கூர்மா வேங்கட ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவை அமைந்தது. இராசகோபாலாச்சாரியார் சூலையிலேதான் முதலமைச்சரானார். 1939-இல் அவர் பதவி விலகியபின், 1946 வரை ஆளுநரே நேரடியாக ஆண்டார்.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 163-ஆம் பிரிவு, அமைச்சரவையின் உதவியும் அறிவுரையும் ஆளுநர்க்கு உண்டு என்றது. சிலவற்றில் அவர்தம் விருப்புரிமையையும் ஏற்றது. அவ்விருப்புரிமையின் எல்லை யாது என்பதே அன்றுமுதல் வினாவாயிற்று. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் 375 இடங்களுள் 152-ஐ மட்டுமே காங்கிரசு பெற்றிருந்தபோது, ஆளுநர் சிறீபிரகாசா, தேர்தலில் நில்லாத இராசகோபாலாச்சாரியாரை மேலவைக்கு நியமித்து ஆட்சியமைக்க அழைத்தார். இது பெரும் விவாதத்தை எழுப்பிற்று.

அமைச்சரவையின் அறிவுரைப்படி நடத்தலே பொதுவிதி என உச்ச நீதிமன்றம் 1974-இல் தெளிவாக்கிற்று. எனினும் வினா ஓயவில்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றிய பத்து மசோதாக்களை ஆளுநர் நிறுத்திவைத்தது சட்டத்திற்குப் புறம்பானது என 2025 ஏப்ரலில் அந்நீதிமன்றம் கூறிற்று. அதே ஆண்டு நவம்பரில், ஆளுநர்க்குக் காலவரையறை விதித்தல் நீதிமன்றத்தின் பணியன்று என அதன் அரசியலமைப்பு அமர்வு கருத்துரைத்தது.

இவற்றால், அவை வணிகர் குழுவாயிருந்து மக்கட் பொறுப்புடைய அமைச்சரவையாக மாறியவாறு, ஆள்பவர் என்னும் பொருளும் ஆளுநரிடமிருந்து அவைக்கே பெயர்ந்தமை பெறப்படும். சொல் பழைய பொருளிலேயே நிற்க, பதவி அதனைக் கடந்து வந்துள்ளது. இவ்விடைவெளியை மறந்து, சொல்லின் பொருளையே பதவியின் பொருளாகக் கொள்ளும்போதெல்லாம் முரண் எழுகின்றது எனக் கருதுகின்றோம்.