வரியும் குடியும் – 9: கிஸ்தியும் கிட்டியும்

சென்ற வாரம் மன்றோ துரையின் ரயத்துவாரி ஏற்பாட்டை, அதை வகுத்தவருடைய நோக்கிலிருந்து பார்த்தோம். சர்க்காருக்கும் குடியானவனுக்கும் நடுவே ஜமீன்தார் என்று ஒருவன் இல்லை, குடியானவன் தன் பெயரில் பட்டா வாங்கிக்கொண்டு தீர்வையை நேரே செலுத்திவிடுகிறான் என்பது அந்த ஏற்பாட்டின் சாரம். காகிதத்தில் படிக்கும்போது இதைக் காட்டிலும் நேர்மையான முறை ஒன்று இருக்க முடியுமா என்றுதான் தோன்றும். ஆனால் குடியானவனுடைய கண்ணுக்குச் சர்க்கார் என்பது லண்டனிலும் இல்லை, சென்னைக் கோட்டையிலும் இல்லை. கிஸ்தி நாளன்று கர்ணத்தையும் மணியக்காரரையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்ற தாலூக்காச் சேவகன்தான் அவனுக்குச் சர்க்கார். அந்தச் சேவகன் எப்படி நடந்துகொண்டான் என்பதைப் பொறுத்தே வரியைப் பற்றிய அவனுடைய அபிப்பிராயமும் அமைந்தது.

நம் ஜனங்கள் இயல்பாகவே வரி கொடுக்க மனமில்லாதவர்கள், கண்டித்துக் கேட்காவிட்டால் அவர்களிடமிருந்து காசு பெயராது என்று ஒரு பேச்சு கச்சேரிகளில் வெகுகாலமாக வழங்கி வருகிறது. வசூல் செய்கிறவர்கள் சொல்லிச் சொல்லி, வரி கொடுக்கிறவர்களே அதை நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் விசித்திரம். வரி என்றதும் புறநானூற்றுப் பாட்டில் வரும் யானை புகுந்த வயலை எடுத்துக்காட்டிவிட்டு அப்பால் செல்வது மேடைப் பிரசங்கிகளுக்குச் சௌகரியமான வழி; நாமோ அந்த வயலுக்குரியவர்களே தங்கள் வாயால் சொல்லிப் பதிவான ஒரு சாட்சியத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

சென்னையில் வியாபாரியாக இருந்து பொருள் ஈட்டி, 'கிரெஸண்ட்' என்னும் ஆங்கிலப் பத்திரிகையையும் நடத்திய கஜுலு லட்சுமிநரசு செட்டியார், 1852-ஆம் வருஷத்தில் சென்னை சுதேசி சங்கத்தை ஸ்தாபித்தார். கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்படவிருந்த சமயம் அது. நிலத்தீர்வையின் பாரத்தையும், தறிக்கும் உளிக்கும் கூட விதிக்கப்பட்டிருந்த மொஹதர்பா என்ற தொழில்வரியின் கொடுமையையும் விவரித்து, அந்தச் சங்கம் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு ஒரு மகஜர் அனுப்பியது. அதன் பயனாகச் சென்னை ராஜதானியின் விவகாரங்களில் சிரத்தை கொண்ட பார்லிமெண்டு அங்கத்தினர் டான்பி ஸீமோர் என்பவர் இங்கே வந்து, செட்டியாருடன் ஜில்லாக்களுக்கும் சென்று, கண்ணால் கண்டதை 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் எடுத்துச் சொன்னார். தீர்வை வசூலிப்பதற்காகக் குடிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று அவர் சொன்னபோது, இந்தியாவில் பழகிய அநுபவஸ்தர்கள் சிலர் அப்படி எதுவும் கேள்விப்பட்டதில்லை என்று மறுத்தார்கள். மறுப்பு பலமாக இருந்ததால் விசாரணையும் தவிர்க்க முடியாததாயிற்று.

எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்டு ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. இவர்களில் நார்ட்டன் வக்கீல். காங்கிரஸ் மகாசபையின் ஆரம்ப ஆண்டுகளில் பிரசித்தி பெற்ற ஏர்ட்லி நார்ட்டனுடைய தகப்பனார். கமிஷனர்கள் சென்னையில் உட்கார்ந்துகொண்டு, குறை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் நேரில் வந்தோ கடிதம் மூலமாகவோ தெரிவிக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். ரயில் பாதை இன்னும் திறக்கப்படாத காலம். கமிஷன் சென்னையைத் தாண்டிப் போகவும் இல்லை. வருகிறவர்களுக்கு வழிச்செலவு கொடுக்கவும் இல்லை. வந்து முறையிட்டவன் ஊருக்குத் திரும்பினால், எந்தத் தாசில்தாரைப் பற்றிச் சொன்னானோ அதே தாசில்தாரின் ஆளுகையில்தான் மறுபடியும் வாழவேண்டும். இத்தனைக்கும் பிறகு வந்து சேர்ந்த பிராதுகள் 1,959.

அந்தப் பிராதுகளில் அடிக்கடி வரும் சொற்கள் இரண்டு. ஒன்று கிட்டி: ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கழிகளுக்கிடையே விரல்களை வைத்து, மறுமுனையை நெருக்குவது. மற்றொன்று அண்ணாந்தாள்: கழுத்தையும் கால் பெருவிரலையும் ஒரே கயிற்றில் இழுத்துக் கட்டி, குனிந்தபடியே வெயிலில் நிறுத்துவது, முதுகின்மேல் ஒரு கல்லையும் ஏற்றி வைப்பதுண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களும் பிள்ளைகளுக்கு அண்ணாந்தாள் பூட்டி வந்தார்கள் என்பதைப் படிக்கும்போது, இந்த இரண்டு கச்சேரிகளில் எது எதனிடமிருந்து கற்றுக்கொண்டது என்ற சந்தேகம் உண்டாகிறது.

குடியானவர் ஒருவருடைய வாக்குமூலத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். மழை பொய்த்து நெல் விளையவில்லை. அவ்விதம் விளைவு தவறினால் தீர்வையில் வஜா கொடுப்பதென்று 1837-ஆம் வருஷத்தில் அப்போதைய கலெக்டரோடு அந்த ஊரார் உடன்படிக்கை செய்துகொண்டிருந்தார்கள். ஜமாபந்தியின்போது அதை நினைவூட்டி வஜா கேட்டார்கள், கிடைக்கவில்லை. உடனே அவர்கள் செய்தது என்ன? கலகம் செய்யவில்லை, ஊரை விட்டு ஓடவில்லை. இந்தக் கணக்குக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை என்பதற்கு அடையாளமாகப் பட்டாவை வாங்க மறுத்தார்கள். அதன்பின் ஜூன் முதல் ஆகஸ்டு வரையில் தாசில்தாரின் ஆட்கள் அவர்களை வெயிலில் கொண்டுபோய்க் குனிய வைத்து, முதுகில் கல்லேற்றி, சுடுமணலில் நிறுத்தி வந்தார்கள்; எட்டு மணிக்குப் பிறகுதான் சோறு தின்ன விட்டார்கள். மனுக் கொடுக்கப் போனால் கலெக்டர் வாங்க மறுத்தார். செஷன்ஸ் கோர்ட்டாரிடம் அந்த மனுக்களைக் கொண்டுபோனார்கள்; கோர்ட்டார் அவற்றைக் கலெக்டருக்கே அனுப்பி வைத்தார்கள். செப்டம்பரில் நோட்டீஸ் வந்தது; இருபத்தைந்து நாளில் சொத்து ஜப்தியாகி, பிறகு ஏலம் போயிற்று. வீட்டுப் பெண்களும் கிட்டிக்குத் தப்பவில்லை என்பதைப் புருஷன் வாயால் சொல்லி எழுதிக்கொடுத்திருக்கிறார்.

இந்த மனிதரை வரி கொடுக்க மனமில்லாதவர் என்று யார் சொல்லக் கூடும்? எழுத்து மூலமான உடன்படிக்கையைக் காட்டி, அதன்படி கணக்குப் போடுங்கள் என்றுதான் அவர் கேட்டார். கல்லின் பாரத்தையும் வெயிலையும் சொல்லி முடித்த பிறகும், அந்த வாக்குமூலத்தில் மேலோங்கி நிற்கும் மனத்தாங்கல், மனு போன இடத்திலிருந்தெல்லாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்ததுதான்.

பிராமணர் ஒருவருடைய பிராது இன்னொரு விதம். கொள்ளிடத்துப் பால வேலைக்காகப் பலகையும் கரியும் விறகும் கிரயமில்லாமல் கொடுக்கும்படி தாசில்தார் அவருடைய கிராமத்தாருக்கு உத்தரவு செய்தார். மறுத்ததற்காகப் பன்னிரண்டு ஆட்கள் அவரைப் பிடித்து இம்சித்தார்கள். ஸப்கலெக்டரிடம் எழுதிக் கொடுத்த புகார் கிழிபட்டது. ஏழைகள் தலையில் செலவை ஏற்றிப் பாலத்தை மலிவாக முடித்து, மேலிடத்தில் நல்ல பெயர் வாங்க நினைக்கிற துரை, தாசில்தார் என்ன செய்தாலும் கண்ணெடுத்துப் பார்க்கமாட்டார் என்று அவர் காரணமும் சொல்லியிருக்கிறார். ராஜாங்க சாஸ்திரம் படித்தவர் எவரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

1855 ஏப்ரலில் கமிஷனர்கள் அறிக்கையை முடித்தார்கள். வசூலுக்காக இம்சை செய்வது ராஜதானியில் பொதுவாக நடந்து வருகிறது என்று ஐயத்துக்கு இடமின்றி ஒப்புக்கொண்டார்கள்; குற்றவாளிகள் என்று பிடிபட்டு அடிபடுகிறவர்களைக் காட்டிலும் தீர்வை பாக்கிக்காக அடிபடுகிறவர்களே அதிகம் இருக்கலாம் என்றும் கருதினார்கள். ஆனால் இம்சை நடக்கிறது என்பதைவிட, அதற்குப் பரிகாரம் தேட வழியில்லை என்பதே தங்கள் மனத்தை அதிகமாக வருத்தியதென்று எழுதினார்கள். கலெக்டர் கச்சேரி எட்டாத தூரத்தில் இருக்கிறது. போய் வரும் செலவும் வேலைக்கேடும் ஏழையால் தாங்க முடிவதில்லை. தாங்கிக்கொண்டு போனாலும், தாசில்தாரிடம் தெரிவித்துக்கொள்ளவும் என்று ஒரு வரி எழுதி மனுவைத் திருப்பிவிடுகிறார்கள்.

இதற்கு வேர் எங்கே என்று தேடினால், சென்ற வாரம் நாம் போற்றிய மன்றோவிடமே திரும்பி வரவேண்டியிருக்கிறது. 1816-ஆம் வருஷத்து ரெகுலேஷன்களின்படி கலெக்டரே மாஜிஸ்திரேட் ஆனார், தாசில்தாரே தாலூக்காவின் போலீஸ் தலைவரும் ஆனார். தீர்வையைத் தண்டுகிறவன் ஒருவன், அவன் அடித்தால் பிடிக்கிறவன் மற்றொருவன் என்று இல்லாமல் இரண்டும் ஒரே கையில் சேர்ந்துவிட்டன. நாட்டு வழக்கத்தை அனுசரித்ததென்று மன்றோ இதற்கு நியாயம் கூறினார். நாட்டு வழக்கம் அதுவாகவே இருந்திருக்கலாம். அதை அச்சிட்டுச் சட்டமாக்கியது அவர் காரியம்.

அறிக்கையில் ஒரு சாமர்த்தியமும் இருக்கிறது. இவ்வளவும் சுதேசி உத்தியோகஸ்தர்களின் கைவேலை, ஐரோப்பியர்களுக்கு இதில் பங்கில்லை என்று கமிஷனர்கள் தீர்மானித்தார்கள். கிட்டியைப் பிடித்த கை நம்மவர் கைதான். அதை மறைப்பதில் நமக்கு ஒரு கௌரவமும் இல்லை. ஆயினும் விளைவுக்கு மிஞ்சிய தீர்வையை மேலே நிர்ணயம் செய்துவிட்டு, கிஸ்தி தவறினால் தாசில்தாரின் உத்தியோகத்துக்கு ஆபத்து என்றும் வைத்துவிட்டு, அந்தப் பணம் எப்படி வந்ததென்று கேளாமல் கஜானாவில் வரவு வைத்துக்கொண்டவர்களும் அந்தக் கழிகளின் மறுமுனையைப் பிடித்தவர்களே என்பது என் அபிப்பிராயம்.

அறிக்கையின் பிறகு சில நல்ல காரியங்கள் நடந்தன. 1859-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் போலீஸ் தனி இலாக்காவாகப் பிரிந்தது; தாசில்தாரின் கையிலிருந்து தடி பறிபோயிற்று. நிலத்தைப் புதிதாக அளந்து, தரம் பிரித்து, தீர்வையை மிதப்படுத்தும் வேலையும் தொடங்கியது.

அந்தப் புண் ஆறுவதற்கு முன்பே வருமான வரி வந்து சேர்ந்தது. 1857 கலகத்தினால் ஏற்பட்ட கடனைத் தீர்க்கச் சீமையிலிருந்து தருவிக்கப்பட்ட ஜேம்ஸ் வில்ஸன், 'எகானமிஸ்ட்' பத்திரிகையை ஸ்தாபித்தவர்; 1860 பிப்ரவரி 18-ஆம் தேதி கல்கத்தாவில் வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தபோது, தர்மசாஸ்திரம் வகுத்த மனுவின் பெயரையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். வருஷத்துக்கு 200 ரூபாய்க்கு உட்பட்ட வருமானத்துக்கு வரியில்லை. 500 வரையில் நூற்றுக்கு இரண்டு. அதற்கு மேல் நூற்றுக்கு நான்கு. இதை எதிர்த்து எழுந்த முதற்குரல் ஜனங்களுடையதன்று, சென்னைக் கவர்னர் ஸர் சார்லஸ் டிரெவெலியனுடையது என்பது சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று. அயர்லாந்துப் பஞ்சத்தில் கல்நெஞ்சர் என்று பெயரெடுத்த அதே டிரெவெலியன், செலவைச் சுருக்குங்கள், கலகத்தில் சேராத ராஜதானியின்மேல் பழக்கமில்லாத வரியைப் போடாதீர்கள் என்று எழுதியதோடு நில்லாமல், எழுதியதைப் பத்திரிகைகளிலும் வெளியிட்டுவிட்டார். கவர்னர் பதவி போயிற்று. வில்ஸனும் ஆகஸ்டு 11-ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார். பிறகு டிரெவெலியனே நிதி அங்கத்தினராகத் திரும்பி வந்து, அவருடைய நிர்வாகத்தின் கடைசி வருஷமான 1865-ல் அந்த வரி கைவிடப்பட்டது. 1886-ல் அது நிலைபெற்ற கதை தனியாகச் சொல்லவேண்டியது.

இதற்கிடையே 1864-ல் சென்னை வருவாய் வசூல் சட்டம் பிறந்தது. கிட்டியின் இடத்தில் நோட்டீஸ், ஜப்தி, ஏலம் என்று ஒழுங்கு வகுத்தது அந்தச் சட்டத்தின் பெருமை. ஆனால் அதன் 48-ஆவது பிரிவு, சொத்தை விற்றும் பாக்கி தீராமல், பாக்கிதாரன் வேண்டுமென்றே கொடாதிருக்கிறான் என்றோ மோசடி செய்தான் என்றோ நம்பக் காரணம் இருந்தால், கலெக்டர் அவனைக் கைதுசெய்து, இரண்டு வருஷத்துக்கு மேற்படாமல் காவலில் வைக்கலாம் என்கிறது. நிலவரிக்காக எழுதிய இந்தப் பிரிவின்படி, சுதந்திரம் வந்த பிறகு மலபாரில் ஒருவர் வருமான வரி பாக்கிக்காகச் சிறை வைக்கப்பட்டார். சென்னை ஹைகோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1957-ல் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றி, இது குற்றத்துக்குரிய தண்டனையன்று, பாக்கியை வசூல் செய்யும் முறைகளில் ஒன்றே என்று சொல்லிச் சட்டத்தை நிலைநிறுத்தியது.

சட்ட நுட்பத்தில் அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் அறிக்கை வெளிவந்து நூறு வருஷத்துக்கு மேலாகியும், பாக்கிதாரனுடைய மனம் எத்தகையது என்று முதலில் தீர்மானிக்கும் பொறுப்பு, பணம் தண்டவேண்டிய கலெக்டரையே விட்டு அகலவில்லை. 1864-ஆம் வருஷத்துச் சட்டம், பெயரில் சென்னை போய்த் தமிழ்நாடு வந்ததைத் தவிர, இன்றும் அமலில் இருக்கிறது.

(தொடரும்)