பல் தேய்க்கும் நேரத்தில் அலைச்சறுக்கு

எழுந்து நின்று ஒரு காலைத் தூக்குங்கள். சமாளிக்கிறீர்கள் அல்லவா? இப்போது கண்ணை மூடுங்கள். டீயை முதலில் கீழே வைத்துவிடுங்கள்.

கணுக்கால் படபடக்கிறதா? நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று பக்கமிருந்து மூளைக்குச் சேதி போகிறது. கண் ஒன்று. உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு குட்டிப் பைகளும் சேர்ந்து இரண்டாவது. தலை திரும்புவதையும் சாய்வதையும் அவை சொல்லும். மூன்றாவது, உள்ளங்கால், மூட்டு, தசை இவற்றில் உள்ள உணர்வு நரம்புகள். நம்மில் பலர் கண்ணையே அதிகம் நம்பி நிற்கிறோம். அலைச்சறுக்கில் அது உதவாது. கண் அலை போகும் திசையில் இருக்க வேண்டும். குனிந்து காலைப் பார்த்தால் உடலும் கூடவே குனியும், அடுத்த நொடி தண்ணீருக்குள். ஆகவே பாதம் எங்கே அழுந்துகிறது என்பதைப் பாதமே அறிய வேண்டும். காலையில் பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில், முட்டியைக் கொஞ்சம் மடக்கி நில்லுங்கள். பழகியபின் தலையை இரு பக்கமும் திருப்புங்கள். கண்ணை மூடுவது அதற்குப் பிறகுதான், அதுவும் சுவர் எட்டும் தூரத்தில்.

‘கடலிலேயே பழகினால் போயிற்று’ என்பீர்கள். போட்டியாளர்களை வைத்தே அளந்து பார்த்திருக்கிறார்கள். கடலில் இருக்கும் நேரத்தில் ஏறத்தாழப் பாதி, குப்புறப் படுத்துக் கையால் தண்ணீர் தள்ளுவதில் போகிறது. 40 சதவீதம் போல அலைக்குக் காத்திருப்பது. அலைமேல் போகும் நேரம் 10 சதவீதம்கூட இல்லை. அவர்களுக்கே அப்படியென்றால், கோவளத்துக்கு ஞாயிறு காலை வந்து போகிறவருக்கு எத்தனை நொடி கிடைக்கும்?

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்: உருளைமேல் வைத்த பலகையில் நின்று ஆடுகிறார்களே, அதை வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உருளைப் பலகை இடமும் வலமுமாக ஓடும். கடலில் நாம் பக்கவாட்டில் திரும்பி நிற்பதால், அது பலகையின் மூக்குக்கும் வாலுக்கும் இடையே எடையை மாற்றுவதற்குச் சமம். விரல்நுனிக்கும் குதிகாலுக்கும் இடையில் வரும் ஆட்டம், அதாவது பலகையை விளிம்போடு கவிழ்க்கும் ஆட்டம், அதில் வராது. அதற்குக் காற்றடைத்த மெத்தையோ அரைக்கோளமோ அடியில் வேண்டும். அப்படியும், ஒரு கருவியில் தேறியவர் இன்னொன்றில் அதே அளவு தேறுவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. உருளையில் வித்தை காட்டுகிறவர் உருளையில்தான் கெட்டிக்காரர்.

என்னைக் கேட்டால், காசே கேட்காத பயிற்சிதான் முதலில்: பலகைமேல் எழுந்து நிற்பது. சைக்கிள் மெதுவாகப் போனால் ஆடும், வேகம் பிடித்தால் நிமிரும். சறுக்குப் பலகையும் அப்படித்தான். ஓடத் தொடங்கிவிட்டால் அடியிலிருந்து தண்ணீரே தாங்கிக்கொள்ளும். ஆபத்து அதற்கு முந்தைய கணத்தில், படுத்த நிலையிலிருந்து எழும்போது. ‘பாப்-அப்’ என்பார்கள். பாயில் குப்புறப் படுங்கள். உள்ளங்கைகள் விலா ஓரத்தில். தள்ளி எழும்பி, இரண்டு பாதங்களையும் ஒரே வீச்சில் மார்புக்கு அடியில் கொண்டுவந்து, முட்டி மடங்கி, பார்வை நேராக நில்லுங்கள். முதலில் முட்டி ஊன்றி எழும் பழக்கம் வந்துவிட்டால் பிறகு விடுவது கஷ்டம். எந்தக் கால் முன்னால் வருகிறது என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். வலது முன்னால் வந்தால் ‘கூஃபி’ என்பார்கள், குறையொன்றுமில்லை. களைத்துப்போய்க் கோணலாக எழும்போது நிறுத்திவிடுங்கள். கோணலும் பழகிவிடும்.

எழுந்து நின்றபின் அலையில் திரும்பப் பழகுவதற்குத்தான் ஸ்கேட்போர்டு. அது அலையில்லாத நாளில் கலிஃபோர்னியாவின் அலைச்சறுக்காளர்கள் தெருவில் ஓட்டி வளர்த்த விளையாட்டு. மாமல்லபுரத்தின் கமலி மூர்த்தியும் சிறுமியாக ஸ்கேட்போர்டு ஓட்டியவர், இன்று அலைச்சறுக்குப் போட்டியாளர். அவருக்கு வாசலிலேயே கடல் இருந்ததையும் சேர்த்துக் கணக்கில் வைக்க வேண்டும். தலை, தோள், இடுப்பு என்று மேலிருந்து கீழாகத் திரும்பப் பழக ஸ்கேட்போர்டு நல்ல வழி. ஆனால் தார்ச்சாலை தண்ணீர் அல்ல. ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள். கணுக்கால் முன்பு சுளுக்கியிருந்தால் ஸ்கேட்போர்டு இப்போதைக்கு வேண்டாம், ஒற்றைக் கால் பயிற்சியோடு சில வாரம் இருங்கள்.