இழுக்க மறுக்கும் பழைய வான்: பாகத்தை மாற்றுமுன் காரணத்தைத் தேடுவோம்

புலம்பெயர்ந்து வந்த எம்மவரின் பல குடும்பங்களுக்கு இந்த நாட்டில் முதற் சொத்தாக அமைந்தது வீடன்று. பழைய வான் ஒன்றே. கடைக்கு மரக்கறி ஏற்றுவதும் அதுவே. வேலைத்தளத்துக்குக் கருவிகளைக் கொண்டு செல்வதும் அதுவே. கோயில் தேருக்கு முழுக் குடும்பத்தையும் சுமப்பதும் அதுவே. அது ஒரு நாள் படுத்துவிட்டால் அன்றைய வருமானமும் படுத்துவிடும்.

எமக்கும் அந்த நாள் வந்தது. லெய்ரனில் உள்ள நியூ ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸ் சந்தையில் விடியற்காலை பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, ஏ12 வீதி வழியாக இல்ஃபோர்ட் நோக்கித் திரும்புகையில், எமது டீசல் வான் திடீரெனத் தயங்கியது. அக்ஸிலரேட்டரை மிதித்தால் இயந்திரம் முனகியதேயொழிய வேகம் ஏறவில்லை. பின்னால் கரும்புகை எழுந்தது. கராஜ் ஒன்றில் கணினிக் கருவியைப் பூட்டிப் பார்த்தபோது பி0299 என்ற குறியீடு தோன்றிற்று. "டர்போ போய்விட்டது, புதிது போடவேண்டும்" என்றனர். கேட்ட தொகை எமது ஒரு மாதச் சேமிப்பையே விழுங்கக்கூடியது.

மண்ணெண்ணெய் தந்த பாடம்

அன்று மாலை, யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓட்டிய முதியவர் ஒருவரிடம் இதனைச் சொன்னோம். 1990இல் வடக்கிற்கு எரிபொருள் தடைப்பட்டபின் எம்மக்கள் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. ஆகையால் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர். காற்று, எரிபொருள், உரிய நேரத்தில் எரிதல் ஆகிய மூன்றில் எது பிசகினாலும் இயந்திரம் தயங்கும் என்பதை அம்முதியவர் நூலிற் படிக்கவில்லை, பிழைப்பிற் படித்தார்.

"தம்பி, எப்ப இழுக்குதில்லை? சும்மா நிக்கேக்கையோ, பாரத்தோடையோ? என்ன நிறப் புகை? கடைசியா என்னத்தைக் கழட்டிப் பூட்டினீங்கள்?" என்று அவர் வினவினார். பின்னர், ஆறிய இயந்திரத்தினுள் கைவிட்டுத் தடவினார். டர்போவிலிருந்து செல்லும் இறப்பர்க் குழாயின் அடிப்பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கும், விரல் நீள வெடிப்பும் இருந்தன. குழாயை மாற்றியதும் வான் முன்போல் இழுத்தது. குறியீடு பொய் சொல்லவில்லை. காற்றின் அழுத்தம் குறைவு என்றுதான் அது கூறிற்று. ஏன் குறைந்தது என்று கூறவில்லை.

தேடும் ஒழுங்கு

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவதே முறை. முதலில் காற்று ஃபில்டரையும், அதன் பின்வரும் குழாய்களையும் பாருங்கள். டீசல் வானில் கரும்புகை எழுந்தால் காற்றுப் போதவில்லை, அல்லது எரிபொருள் மிகையாகச் செல்கிறது என்று பொருள். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். நிற்கும்போது சீராக இயங்கி, பாரத்தோடு மட்டும் மூச்சுத் திணறினால் டீசல் ஃபில்டர் அடைபட்டிருக்கலாம். அதில் நீரும் தேங்கியிருக்கலாம். காலையில் கிளம்பவே மறுத்தால் எரிபொருட் குழாயில் காற்று புகுகின்றதா என்று பார்க்கவேண்டும். பெற்றோல் வான் ஈரக் காலநிலையில் மட்டும் தயங்கினால் பிளக்குகளையும் அவற்றின் வயர்களையும் சந்தேகிக்கலாம்.

குறை இயந்திரத்தில் இல்லாமலும் போகலாம். இயந்திரச் சுழற்சி கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளச்சு வழுக்குகிறது. ஓடி நிறுத்தியபின் ஒரு சில்லு மட்டும் அனல் வீசினால் பிரேக் இறுகிப் பிடித்திருக்கிறது.

நகரத்துக் குறுந்தூர ஓட்டத்தால் புகைக்கரி ஃபில்டர் அடைபடுவதுமுண்டு. அதனைக் கழற்றி எறியுமாறு எவரேனும் கூறினால் இணங்கலாகாது. 2014 பெப்ரவரி முதல், அது பூட்டிவந்த வானில் அது இல்லையேல் எம்ஓரி பரிசோதனையில் தேறாது. வரி குறைந்த சிவப்பு டீசலையோ மண்ணெண்ணெயையோ வானுக்கு ஊற்றுவதும் இங்கு குற்றமாகும். அங்கு தேவை கற்பித்ததை இங்கு அறிவாக மட்டும் பயன்படுத்துவோம்.

கணக்கும் பார்ப்போம்

பெருஞ்செலவு செய்யுமுன் இன்னொன்றையும் எண்ணவேண்டும். 2023 ஓகஸ்ட் 29 முதல் யூலெஸ் வலயம் இல்ஃபோர்ட் உட்பட லண்டனின் எல்லா நகரசபைப் பகுதிகளையும் உள்ளடக்கியது. யூரோ 6 தரத்தை எட்டாத டீசல் வானுக்கும், யூரோ 4 தரத்தை எட்டாத பெற்றோல் வானுக்கும் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண் கட்டணம். மாதம் 25 நாட்கள் ஓடினால் 312.50 பவுண். அத்தகைய வானுக்குக் குழாய் மாற்றுவது நியாயம்; புது டர்போ போடுவது நியாயமா என்பதைக் கணக்குப் பார்த்தே தீர்மானிக்கவேண்டும்.

கராஜுக்குச் செல்லும்போது, "என்ன மாற்றவேண்டும்?" என்று கேளாதீர்கள். "ஏன் என்று கண்டீர்களா? எனக்குக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டக்கூடியவரிடம் வேலையைக் கொடுங்கள். மொழி தெரியாத நாட்டில் எம்மவர் உழைத்த பணம், ஊகத்துக்கு விலையாகிவிடலாகாது.