குகைக்குள் பிறந்த ஏவுகணை

போர்க்கால ஜெர்மனியின் 'அதிசய ஆயுதங்கள்' பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை, பால்டிக் கடலின் உசெடோம் தீவிலுள்ள பேனமுண்டே ஆராய்ச்சித் தளத்திலிருந்து 1942 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக வெற்றிகரமாகப் பறந்த வி-2 ஏவுகணையின் முன் வியந்து நின்றுவிடுகின்றன. சுமார் 14 மீட்டர் உயரமும் 12 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அது, தண்ணீர் கலந்த ஆல்கஹாலைத் திரவ ஆக்சிஜனுடன் சேர்த்து எரித்து ஒலியினும் விரைந்து பாய்ந்ததால், விழுந்து வெடித்த பின்னரே அதன் இரைச்சல் மக்களின் காதில் விழுந்தது. வியப்புக்கு உரியதுதான், ஆயினும் அதைச் செய்த கைகள் யாருடையவை என்பதை அந்த எழுத்துகளில் பல ஒரே வரியில் கடந்துவிடுகின்றன.

1943 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் பேனமுண்டே மீது குண்டு வீசியதும், உற்பத்தி நோர்ட்ஹவுசன் நகருக்கு அருகிலுள்ள கோன்ஸ்டைன் குன்றின் சுரங்கப் பாதைகளுக்கு மாற்றப்பட்டு, அவற்றை அகழ்ந்து விரிவாக்கப் புகன்வால்ட் வதைமுகாமிலிருந்து கைதிகள் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்காக அங்கு அமைக்கப்பட்டு டோரா என்று பெயரிடப்பட்ட முகாமில் முதல் குளிர்காலத்தில் போதிய குடிசைகள்கூட இல்லாததால், கைதிகள் குகையின் பக்க அறைகளிலேயே நான்கடுக்குப் பலகைக் கட்டில்களில், ஒரு பணிமுறையினர் எழுந்ததும் அடுத்த பணிமுறையினர் அதே இடத்தில் படுக்கும்படி அடைக்கப்பட்டனர். பாறை தகர்க்கும் வெடிப்புகள் இரவும் பகலும் ஓயாமல் தூசியைக் கிளப்பின. பாதியாக வெட்டிய பீப்பாய்களே கழிப்பிடங்களாக இருந்தன. குடிக்கத் தண்ணீர் அரிது. வேலையைக் கெடுக்கும் நாசவேலை என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள், பின்னாளில், ஏவுகணை உறுப்புகளைத் தூக்கும் பாரந்தூக்கியிலேயே மற்றவர்கள் கண்முன் தூக்கிலிடப்பட்டனர்.

அதே 'அதிசய ஆயுதங்கள்' வரிசையில் வந்த விமானங்களின் கதையிலும் அவசரமே ஆட்சி செய்தது. 'மக்கள் போர்விமானம்' என்ற பெயரில், 1944 செப்டம்பரில் கோரப்பட்டு டிசம்பர் 6 அன்று பறந்த ஒற்றை எஞ்சின் ஜெட், உலோகத் தட்டுப்பாட்டால் மரச் சிறகுகளுடன் செய்யப்பட்டது; நல்ல பசை தயாரித்த ஆலை குண்டுவீச்சில் அழிந்துபோயிருந்ததால் பயன்படுத்தப்பட்ட மாற்றுப் பசையின் அமிலம் மரத்தையே அரித்ததில், நான்கு நாள் கழித்து, பார்வையாளர்கள் முன்னிலையில் நடந்த பறப்பில் சிறகின் ஒரு பகுதி பிய்ந்து விமானி உயிரிழந்தார். முன்னதாகவே களம் கண்ட கோமெட் ராக்கெட் விமானமோ, ஏழெட்டு நிமிடங்களில் எரிபொருள் தீர்ந்து எஞ்சினின்றி மிதந்து இறங்க வேண்டியிருந்தது.

வி-2 ஆராய்ச்சியே விண்வெளிப் பயணத்துக்கு வழி திறந்தது என்பாரும் உளர். 1944 ஜூனில் செங்குத்தாக ஏவப்பட்ட ஒரு வி-2, 170 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்தது உண்மையே.

ஆனால் கவலைக்குரியது வேறு. கணினி விளையாட்டுகளிலும் பொம்மை மாதிரிப் பெட்டிகளிலும் யூடியூப் காணொளிகளிலும் இந்த ஆயுதங்கள் வேகம், உயரம், வீச்சு என்னும் அளவுகளாகச் சுருங்கி, ஆட்சி மட்டுமே தீயது, கருவியோ களங்கமற்ற அறிவியல் என்ற எண்ணத்தை இளையோர் மனத்தில் விதைக்கின்றன. கருவியையும் ஆட்சியையும் அவ்வாறு பிரிக்க இயலாது. அடிமை உழைப்பு இல்லாமல், எரிபொருளுக்கும் உலோகத்துக்கும் தட்டுப்பாடு நிலவிய ஒரு நாட்டில், ஆயிரக்கணக்கான வி-2 ஏவுகணைகள் உருவாகியிருக்க வாய்ப்பில்லை. அவை போரின் போக்கை மாற்றவும் இல்லை. லண்டனிலும் ஆண்ட்வெர்ப்பிலும் பெரும்பாலும் பொதுமக்களையே கொன்றன.

டோராவிலும் அதன் துணை முகாம்களிலும் அடைக்கப்பட்ட சுமார் 60,000 கைதிகளில் ஏறத்தாழ 20,000 பேர் மடிந்தனர். இது வி-2 விழுந்து இறந்தவர்களின் எண்ணிக்கையைவிட அதிகம். அந்த ஏவுகணையின் உயரத்தையும் எடையையும் அச்சிடுவோர் இந்த எண்ணையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.